காஞ்சொறியில் வந்த ஒப்பாரி

மார்செலா சிரித்தால்தான் அச்சில் ஏறும். அவள் புருஷன், ஆசிரியர் தெயோஃபில் கடைப்பிடித்த பத்திரிகை தர்மம் அவ்வளவுதான். அவள் உதட்டை மட்டும் அசைத்தால் அந்தத் துணுக்கு கடைசிப் பக்கத்தில் விளம்பரங்களுக்கு நடுவே பொத்தல் அடைக்கப் போகும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தால் மூன்றாம் பக்கம். சிரிக்கவே இல்லையென்றால் அடுப்பு. எழுதியவர் பள்ளி வாத்தியாராக இருக்கட்டும், கோயிலில் ஆர்கன் வாசிப்பவராக இருக்கட்டும், அடுப்பு எல்லோரையும் ஒன்றுபோலத்தான் எரித்தது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எதுவும் ஒரு முறை காதில் விழுந்தால் போதும். பாட்டோ வசவோ பிரசங்கமோ, சொல் மாறாமல் திருப்பிச் சொல்லிவிடுவாள். போன வருஷத்து ஈஸ்டர் பிரசங்கத்தைச் சொல்லச் சொன்னால், பாதிரியார் இருமிய இடத்தில் இவளும் இருமிக் காட்டுவாள்.

பத்திரிகையின் பெயர் காஞ்சொறி, தொட்டால் அரிக்கிற அந்தச் செடியின் பெயர்தான். வாரத்துக்கு எட்டுப் பக்கம், போலிஷ் மொழியில். போலந்திலிருந்து கடல் தாண்டி அமெரிக்காவில் வந்து இறங்கிய ஜனங்களுக்கு முதலில் ஒரு கோயில் வேண்டும், அடுத்து ஒரு சாராயக்கடை, அதற்கடுத்து அந்த இரண்டையும் கிண்டல் செய்ய ஒரு பத்திரிகை. சிக்காகோவில் நாலைந்து, டெட்ராய்ட்டில் ஒன்று, பஃபலோவில் ஒன்று என்று முளைக்கும். பாதி, ஒரு குளிர்காலம்கூடத் தாங்காமல் போய்ச் சேரும். மில்வாக்கி தென்பக்கத்துக் காஞ்சொறிக்கு அந்த ஜனவரியோடு ஆறாவது குளிர்காலம். வீட்டின் பாதாள அறையில் ஒரு பாதி அச்சகம், மறு பாதி சமையலறை. நடுவில் ஒரு திரைதான். கடுங்குளிரில் மை இறுகிப்போகும் என்பதால், மை டப்பாவும் சூப் சட்டியும் ஒரே அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இன்றுவரை கரண்டி மாறவில்லை என்பது மார்செலாவின் கெட்டிக்காரத்தனம்.

அந்தப் புதன்கிழமை அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தெயோஃபில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தபாலில் வந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இது ஒப்பாரிக்கு வந்திருக்கு," என்றார். "யாருன்னு தெரியலை. 'துக்கத்துல இருக்கிறவன்'னு மட்டும் போட்டிருக்கான்."

"மறுபடியும் பீர் பீப்பாய்க்கு அழுதிருந்தா எனக்குப் படிக்கவே வேண்டாம். அது இதோட எட்டு தடவை செத்தாச்சு."

காஞ்சொறியில் ஜனங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி ஒப்பாரி மூலைதான். ஊரில் பிணத்துக்கு முன் உட்கார்ந்து பெண்கள் அழும் அதே மெட்டில், கிழிந்த பூட்ஸுக்கும், தேர்தலில் தோற்ற நகரசபை உறுப்பினருக்கும், பூட்டிய சாராயக்கடைக்கும் வாசகர்கள் ஒப்பாரி எழுதி அனுப்புவார்கள். உண்மைப் பெயரை யாரும் போடுவதில்லை. தெயோஃபிலும் அதை நிஜ அழுகைக் குரலில்தான் வாசிப்பார். முகத்தில் ஒரு சுருக்கம்கூடச் சிரிக்காது.

"பீப்பாய் இல்லை. இவன் பொண்டாட்டிக்கு அழறான்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"போனியே என் ராசாத்தி, போனியே.
இனி யாரு என்னைத் தடிமாடேன்னு கூப்பிடுவா?
வேலியோரம் நின்னு நீ கூப்பிட்டா மூணு வீட்டு மாடு திரும்பிப் பார்க்குமே,
நான் மட்டும் திரும்ப மாட்டேனே.
காலுறையைத் திருப்பிப் போட்டேன்னு கரண்டியால அடிச்சியே,
இப்ப ரெண்டு காலுலயும் திருப்பித்தான் போட்டிருக்கேன், கேக்க நாதியில்லையே.
வாத்துகூட உன்னைக் கண்டா வரிசையில நடந்துச்சே.
சீட்டு உன் கைக்கு வந்துச்சு, கப்பல் உன்னை ஏத்தலையே,
பன்னெண்டு நாள் அதைத் தலைமாட்டுல வச்சுப் படுத்தியாமே.
குறட்டை விட்டா முழங்கையால விலாவுல இடிப்பியே,
ஏழு மாசமா என் விலா நோகலை.
நோகலையேன்னுதான் நான் அழறேன்."

மூன்று வீட்டு மாடு வந்தபோதே மார்செலா கத்தியைக் கீழே போட்டுவிட்டாள். வாத்துகள் வரிசையில் நடந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டாள். விலா எலும்புக்கு வந்தபோது ஏப்ரனைத் தூக்கி முகத்தில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க முடியாமல், போதும் என்று கையை ஆட்டினாள். ஆறு வருஷத்தில் அவள் இவ்வளவு சிரித்து தெயோஃபில் பார்த்ததில்லை.

"முதல் பக்கம்," என்றார்.

"முதல் பக்கமேதான். எவன் எழுதினானோ, அவன் கையில ஒரு முத்தம் குடுக்கணும்."

"நடுவுல கப்பல் சீட்டைப் பத்தி ரெண்டு வரி வருது. அதை எடுத்துடறேன்."

"ஏன், அதுவும் நல்லாத்தானே இருக்கு?"

"சீட்டு விக்கிற ட்ரோஸ்ட் கடைசிப் பக்கத்துல பாதியை எடுத்துக்கிட்டு விளம்பரம் குடுக்கறார். கப்பல் சீட்டு ஏஜென்ட்டுகளை எவனோ நக்கல் பண்றான். அந்த மனுஷன் மூஞ்சியைத் தூக்கிக்குவார். அந்த வரியில சிரிப்பும் இல்லை."

அது உண்மைதான். அந்த இரண்டு வரியில் அவள் சிரிக்கவில்லை. அடுத்த வரி வரட்டும் என்று காத்திருந்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. கிழங்கு பாதி சீவாமல் கிடந்தது, ஐந்து மணிக்கு வீட்டில் தங்கிச் சாப்பிடும் ஆட்கள் பசியோடு வந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை பத்திரிகை வெளியே போனது. திங்கள்கிழமைக்குள் தென்பக்கம் முழுக்க விலா நோகாமல் திரிந்தது. கசாப்புக் கடையில் ஒருவர் மற்றவரை முழங்கையால் இடித்து, "இப்ப நோவுதா?" என்று கேட்டார். கோயில் வாசலில் பெண்கள் புருஷன்மாரைத் தடிமாடே என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். தோல் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேலே நின்று மயிர் சுரண்டும் ஆட்கள், கத்தியை இழுக்கிற இழுப்புக்கு ஒரு வரியாக அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் வீட்டுக்குச் சுமந்து வந்தவன் ப்ரோனெக்.

மார்செலா வீட்டு மேல்தளத்தில் நாலு பேர் தங்கிச் சாப்பிட்டார்கள். நாலு பேரும் தோல் ஆலைதான். ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கிற ப்ரோனெக், ஒருவர் பேசினால் மற்றவர் தலையாட்டும் பியாலா சகோதரர்கள் இருவர், பிறகு ஃப்ளோரியன். அவரவர் இறைச்சியை அவரவரே வாங்கி வந்து, தனித்தனி நிறத்தில் நூல் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மார்செலா எல்லாவற்றையும் ஒரே சட்டியில் முட்டைக்கோஸோடு வேகவைத்து, நூலைப் பார்த்து எடுத்து வைப்பாள். ப்ரோனெக்குக்குச் சிவப்பு. ஃப்ளோரியனுக்கு நீலம்.

ஃப்ளோரியன் வந்து ஏழு மாதம் ஆகிறது. முப்பது வயசு இருக்கும், பெரிய கை, சின்னப் பேச்சு. வந்த மூன்றாம் மாதமே ஊரில் இருக்கும் மனைவிக்குக் கப்பல் சீட்டு எடுத்து அனுப்பினான். அன்று எல்லோருக்கும் பீர் வாங்கி ஊற்றினான். அவன் செய்த ஒரே ஆடம்பரம் அதுதான். எப்போது வருகிறாள் என்று மார்செலா கேட்கும்போதெல்லாம், "கோடையில வந்துருவா அக்கா," என்பான். கொஞ்ச நாளாக இளைத்திருந்தான். சுண்ணாம்புத் தொட்டி வேலை யாரைத்தான் இளைக்க வைக்காது என்று அவளும் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வெளியே பனி ஈரமாக விழுந்துகொண்டிருந்தது. நாலு பேரும் பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்ததும், சமையலறை முழுக்கத் தோல் நாற்றம் எழுந்தது. மார்செலாவுக்கு அது பழக்கம்தான். ப்ரோனெக் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, இன்னிக்கு மேஸ்திரிக்கு அதை இங்கிலீஷ்ல சொல்லிக் குடுத்தோம். அந்த ஜெர்மன்காரன் சிரிச்சே ஒருத்தரும் பார்த்ததில்லை. இன்னிக்குச் சிரிச்சுட்டான்."

"எந்த இடத்துல?" என்று தெயோஃபில் ஆவலாகக் கேட்டார்.

"வாத்துலதான். அவன் வீட்டுலயும் வாத்து இருக்காம்." ப்ரோனெக் எழுந்து நின்று, மார்பில் கையை வைத்து, கண்ணைச் செருகிக்கொண்டான். "காலுறையைத் திருப்பிப் போட்டேன்னு கரண்டியால அடிச்சியே... வாத்துகூட உன்னைக் கண்டா வரிசையில நடந்துச்சே... குறட்டை விட்டா முழங்கையால..."

மார்செலா அப்போது ஃப்ளோரியனின் தட்டில் நீல நூல் துண்டை வைக்கக் குனிந்திருந்தாள். அவன் தலை கவிழ்ந்திருந்தது. உதடு அசைந்தது. ஜெபம் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"சீட்டு உன் கைக்கு வந்துச்சு, கப்பல் உன்னை ஏத்தலையே," என்று அவன் முணுமுணுத்தான். "பன்னெண்டு நாள் அதைத் தலைமாட்டுல வச்சுப் படுத்தியாமே."

பக்கத்தில் இருந்த பியாலாவுக்குக்கூட அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. அந்த இரண்டு வரி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அதைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர். ஒருத்தி அவள், இன்னொருவர் தெயோஃபில், மூன்றாவது ஆள் எழுதியவன்.

மார்செலா கரண்டியோடு அப்படியே நின்றாள். மேசையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெயோஃபிலும்தான். ஏப்ரனை முகத்தில் போட்டுக்கொண்டு தான் சிரித்த சிரிப்பு அவள் நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் கூசியது. ஃப்ளோரியன் இரண்டு கிழங்கைத் தின்றுவிட்டு, இறைச்சியைத் தொடாமல், "வயிறு சரியில்லை அக்கா," என்று மேலே போய்விட்டான்.

பாத்திரம் கழுவி முடித்ததும் அவள் திரையை விலக்கிக்கொண்டு அச்சகப் பக்கம் போனாள்.

"என்னங்க, அந்த ஒப்பாரி எழுதினது நம்ம ஃப்ளோரியன்."

தெயோஃபில் அச்செழுத்துப் பெட்டியிலிருந்து நிமிர்ந்தார். "அவனா? அந்த ஊமைக்கோட்டானா? அடப்பாவி, இத்தனை நாளா உள்ளயே வச்சுக்கிட்டு..."

"நீங்க இன்னும் சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க. அவன் பொண்டாட்டி செத்துட்டா. நிஜமா செத்துட்டா. அந்தச் சீட்டு ட்ரோஸ்ட்டை நக்கல் பண்ணினது இல்லை. அவ கையில இருந்த சீட்டு அது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"நான்தான் முதல் பக்கத்துல போட்டேன்," என்றார்.

"நான்தானே சிரிச்சேன்."

"நான் ஏன் அந்த ரெண்டு வரியை எடுத்தேன்? அது இருந்திருந்தா யாராவது ஒருத்தனுக்காவது உறைச்சிருக்கும்."

"நம்ம ரெண்டு பேருக்கும் உறைக்கலையே," என்றாள் மார்செலா.

தெயோஃபில் சும்மா இருக்கிற மனிதர் இல்லை. கோபம் வந்தாலும், வெட்கம் வந்தாலும், பல்வலி வந்தாலும் அவர் கை எழுத்துப் பெட்டிக்குத்தான் போகும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு மன்னிப்பைக் கோர்த்து முடித்துவிட்டார். தடித்த கறுப்புக் கட்டம். சென்ற வாரம் வந்த ஒப்பாரி உண்மையானது, அதை எழுதியவரிடம் ஆசிரியர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறார், இனி யாரும் அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். அந்த வாரத்து இதழ் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் அடுத்த வாரம் முதல் பக்கத்தில் போடுவதாகச் சொன்னார்.

"பேரு போடலை. யாருக்கும் தெரியாது," என்றார்.

"பொண்டாட்டிக்குச் சீட்டு எடுத்துட்டுக் காத்திருக்கிறவன் தோல் ஆலையில எத்தனை பேரு? அரை நாள்ல கண்டுபிடிச்சுருவானுங்க. முதல்ல அவன்கிட்ட கேக்கணும்."

"நீயே கேளேன். என்னால அவன் மூஞ்சியைப் பார்க்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் சாராயக்கடைக்குப் போயிருந்தார்கள். ஃப்ளோரியன் மட்டும் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை, தேவைக்கு மேலேயே விறகு இருந்தது. மார்செலா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, பிளந்ததை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"தம்பி, அவ எப்போ போனா?"

கோடரி நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

"அறுவடைக்கு அப்புறம், அக்கா. விஷக்காய்ச்சல். டிசம்பர்லதான் கடுதாசி வந்துச்சு. நீங்க அன்னிக்குச் சந்தைக்குப் போயிருந்தீங்க."

"கோடையில வர்றான்னு சொல்லிக்கிட்டே இருந்தியே."

"நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நீங்க கேக்கறப்போ வர்ற மாதிரியே இருந்துச்சு."

மார்செலா கையில் இருந்த விறகைச் சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த ஒப்பாரியை ஏன் எங்களுக்கு அனுப்பினே? எங்க பத்திரிகை என்ன பத்திரிகைன்னு உனக்குத் தெரியாதா? கோயில் பத்திரிகைக்குக் குடுத்திருக்கலாமே, கறுப்புக் கட்டம் கட்டி மரியாதையாப் போட்டிருப்பாங்களே."

அவன் கோடரியைக் கட்டையில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தான்.

"நீங்க சிரிக்கக் கூடாது அக்கா."

"இனிமே நான் சிரிக்கறதாவது."

"சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தொட்டி கழுவற முறை. அதனால நீங்கள்லாம் உக்காந்து படிக்கறப்போ நான் இருக்கறதே இல்லை. டிசம்பர்ல ஒரே ஒரு நாள் சீக்கிரம் விட்டுட்டாங்க. அந்தக் கடுதாசி வந்து நாலு நாள்கூட ஆகலை. படி இறங்கி வர்றேன், அண்ணன் அழுகைக் குரல்ல படிச்சுக்கிட்டிருக்கார். எங்க ஊர்ல பொணத்துக்கு முன்னால அழற அதே குரல். பியாலா ரெண்டு பேரும் கண்ணைத் துடைச்சுக்கறாங்க. ப்ரோனெக் மேசையில தலையைக் கவுத்துக்கிட்டான். நீங்க ஏப்ரனை மூஞ்சியில போட்டுக்கிட்டு, தோளெல்லாம் குலுங்குது. நான் தொப்பியைக் கழட்டிட்டு வாசல்லயே நின்னேன். சிலுவைகூடப் போட்டுக்கிட்டேன்."

மார்செலா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று படித்தது பீர் பீப்பாய்க்கான ஏழாவது ஒப்பாரி.

"பேப்பர்ல ஒரு பக்கம் சிரிப்பு இருக்கும், ஒரு பக்கம் விளம்பரம் இருக்கும், இது அழற பக்கம்னு நினைச்சேன். யாரோ முகம் தெரியாதவங்க சாவுக்கு இந்த வீட்ல இப்படி அழறாங்களே, அவளுக்கும் அழுவாங்கன்னு நினைச்சேன். அங்கே அவளுக்கு அழ ஆளு இல்லை. அவ அம்மாவும் என் அம்மாவும் முன்னாடியே போயாச்சு. நான் இங்கே இருக்கேன். நேர்ல குடுக்க வெக்கமா இருந்துச்சு, தபால்ல போட்டேன்."

பனிக்காற்று வேலியில் மாட்டியிருந்த துணியை விறைப்பாக ஆட்டிக்கொண்டிருந்தது. மார்செலா அவன் பக்கத்தில் விறகுக் குவியலின் மேலேயே உட்கார்ந்தாள்.

"முதல்ல சிரிச்சது நான்தான், தம்பி. நான் சிரிச்சதாலதான் அது முதல் பக்கத்துல வந்துச்சு. நான் சிரிக்காம இருந்திருந்தா இந்தத் தென்பக்கத்துல ஒருத்தன் சிரிச்சிருக்க மாட்டான். எனக்கு உன்னைப் பார்க்கவே முடியலை. அண்ணன் மன்னிப்பு எழுதி வச்சிருக்கார். அடுத்த வாரம் போடறேன்னு சொல்றார். அதுக்கப்புறம் யாரும் சொல்ல மாட்டாங்க."

"வேண்டாம் அக்கா."

"உன் பேரு வராது."

"பேரு வந்தா வரட்டும், அதுக்கில்லை." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். சுண்ணாம்பு தின்ற நகங்கள். "திங்கக்கிழமை தொட்டிக்கு மேல நின்னு முதல்ல பாடினானுங்களே, அன்னிக்குக் கையில கத்தி இருந்துச்சு. என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை காதுல துணி அடைச்சுக்கிட்டேன். புதன்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒருத்தனும் சொல்லலை. அப்பத்தான் தெரிஞ்சுது, நான் காதுல இருந்த துணியை எடுத்துட்டு, எப்ப சொல்லுவானுங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன்னு."

"ஐயோ, தம்பி."

"இந்த ஊர்ல அவளைப் பார்த்தவங்க யாரும் இல்லை அக்கா. நான் ஒருத்தன்தான். இப்ப முந்நூறு பேருக்கு அவ முழங்கை தெரியுது. அவ கூப்பிட்டா மாடு திரும்பிப் பார்க்கும்னு ஜெர்மன்காரனுக்குக்கூடத் தெரியுது. மன்னிப்பைப் போட்டா எல்லாரும் தொப்பியைக் கழட்டிட்டுப் பேசாம இருந்துருவாங்க. மரியாதையாத்தான் இருக்கும். அப்புறம் அவளைப் பத்தி யாரு பேசுவா?"

மார்செலாவுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அடக்க வேண்டிய இடமும் இல்லை. அவன் எழுந்து போய் மறுபடி கோடரியை எடுத்தான்.

உள்ளே வந்ததும் தெயோஃபிலிடம் அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பிரித்துப் போடச் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும் அவர் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அதனதன் அறையில் போட்டார். "இது தண்டனை மாதிரி இருக்கு," என்றார். "இருக்கட்டும்," என்றாள் மார்செலா.

அந்த வாரம் அவளுக்குச் சிரமமாகத்தான் போனது. புதன்கிழமை வந்த கடுதாசிகளை அவர் படிக்கப் படிக்க அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றுக்குப் பின்னாலும் யாரோ இருப்பதுபோலத் தோன்றியது. "இப்படியே போனா எட்டுப் பக்கமும் விளம்பரம்தான்," என்றார் அவர். அவள் அடுத்ததைப் படிக்கச் சொன்னாள்.

சனிக்கிழமை ஆலையில் ஒரு கொதிகலன் பழுதாகி, எல்லோரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். அதனால் சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஃப்ளோரியனும் இருந்தான். பார்லி சூப், கம்பு ரொட்டி, பன்றி விலா, புளித்த வெள்ளரி. ப்ரோனெக் ஒரு குவளை பீரை முடித்துவிட்டு எழுந்தான்.

"அண்ணே, உங்க ஆளு எழுதினது பழசாப்போச்சு. நான் புதுசா சேர்த்திருக்கேன். ஆலையில இப்ப என்னுதைத்தான் பாடறானுங்க." கையை மார்பில் வைத்தான். "போனியே என் ராசாத்தி, போனியே. என் சம்பளத்தை இனி யாரு குடிப்பா? சாராயக்கடைக்காரன் உனக்காகக் கொடியை இறக்கிட்டானே..."

பியாலா சகோதரர்கள் மேசையைத் தட்டினார்கள். தெயோஃபில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. மார்செலா ஃப்ளோரியனைப் பார்த்தாள். அவன் முகம் முழுக்கச் சிவந்துவிட்டது.

"அவ குடிக்க மாட்டா," என்றான்.

ப்ரோனெக் சிரித்தான். "எவ?"

"அவ குடிக்கவே மாட்டா. கல்யாணத்தன்னிக்குக்கூட உதட்டுல தொட்டுட்டு வச்சுட்டா. எதுக்கு இல்லாததைச் சொல்றே?"

ப்ரோனெக் ஃப்ளோரியனைப் பார்த்தான், தெயோஃபிலைப் பார்த்தான், கடைசியில் மார்செலாவைப் பார்த்தான். அவள் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. மார்பில் இருந்த கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. மெல்ல உட்கார்ந்தான். பெரிய பியாலா தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். சின்னவரும் போட்டுக்கொண்டார்.

"ஃப்ளோரியன் அண்ணே, எனக்குத் தெரியாது," என்றான் ப்ரோனெக். "சத்தியமா தெரியாது. இனிமே என் வாயில அது வராது. ஆலையிலயும் எவன் சொன்னாலும் பல்லை உடைக்கிறேன்."

"உடைக்க வேண்டாம்," என்றான் ஃப்ளோரியன். "நிறுத்தாதே. சொல்லு. உள்ளதைச் சொல்லு, போதும்."

ப்ரோனெக் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பியாலா இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் இப்படியே போனால், இனி இந்த மேசையில் ஃப்ளோரியன் இருக்கும்போது யாரும் உரக்கப் பேசவே மாட்டார்கள் என்று மார்செலாவுக்குத் தெரிந்தது. எல்லோரும் அவனுக்கு உப்பை நகர்த்தி வைப்பார்கள், கதவைத் திறந்துவிடுவார்கள், அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேசையின் தலைப்பக்கம் வந்து நின்றாள்.

"போனியே என் ராசாத்தி, போனியே," என்று ஆரம்பித்தாள்.

தெயோஃபிலின் நடிப்புக் குரல் அவளிடம் இல்லை. ப்ரோனெக்கின் சேட்டையும் இல்லை. கொல்லையில் நின்று பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுகிற குரல்தான். தடிமாடே என்பதை மட்டும், வேலியோரம் நின்று கூப்பிடுகிறவள் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படி, கூரைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். மாடு திரும்பிப் பார்த்தது. கரண்டி அடித்தது. வாத்துகள் வரிசையில் போயின. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"சீட்டு உன் கைக்கு வந்துச்சு, கப்பல் உன்னை ஏத்தலையே. பன்னெண்டு நாள் அதைத் தலைமாட்டுல வச்சுப் படுத்தியாமே."

இதுவரை இதைக் கேட்காதவர்கள் இப்போது கேட்டார்கள். தெயோஃபில் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மார்செலா நிறுத்தவில்லை. ஃப்ளோரியனையே பார்த்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள்.

"குறட்டை விட்டா முழங்கையால விலாவுல இடிப்பியே..."

ஃப்ளோரியன் சட்டென்று சிரித்துவிட்டான். வாயிலிருந்த சூப் மூக்கில் ஏற, இருமி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எவ்வளவு கூர்மையான முழங்கை தெரியுமா அக்கா," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "கல்யாணமான மறுநாள் என் அம்மா, ராத்திரி யாரு உன்னை அடிச்சாங்கன்னு கேட்டா."

முதலில் சின்ன பியாலா சிரித்தார். பிறகு பெரியவர். ப்ரோனெக் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான், சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. கடைசியில் அவன்தான் தலையைத் தூக்கி ஃப்ளோரியனிடம் கேட்டான்.

"அண்ணே, அவங்க பேரு என்ன?"

"ரொசாலியா."

"ரொசாலியா," என்றான் ப்ரோனெக். மார்செலாவும் சொல்லிப் பார்த்தாள்.

"வாத்தைப் பத்திச் சொல்லுங்க," என்றான் ப்ரோனெக். "நிஜமாவே வரிசையிலயா நடந்துச்சு?"

ஃப்ளோரியன் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.